என் அண்ணனுக்குக் கிட்னி வீக் கிடையாது

போட்சோ
டிசம்பர் 6

அண்ணா,

நில்! பார்சலைக் குப்பையில் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

வீசாட்டில் என்னை பிளாக் பண்ணிவிட்டாய். போன் போட்டால் எடுப்பதில்லை. அம்மா போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் கட் பண்ணுகிறாய். கூரியர்க்காரரை மட்டும் உன்னால் பிளாக் பண்ண முடியாது பார்! அதனால்தான் பேனா பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கட்டைவிரலால் எழுதியே வளர்ந்த பிள்ளை நான்.

வீடியோவைப் பற்றித்தானே கோபம்? மூன்று லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள் அண்ணா! மூலிகைச் சந்தையில் மூட்டை கட்டுகிறவள் பேசியதை மூன்று லட்சம் பேர்! புதினாவைப் பற்றி உருகி உருகிப் பேசினேன், அதை நம் சந்தைக்காரர்கள்கூடப் பார்க்கவில்லை. உன் படத்தைக் கேட்காமல் போட்டது தப்புதான். ஆனால் கண்ணுக்குக் கீழே அவ்வளவு அருமையான கருவளையம் எனக்குத் தெரிந்த வேறு யாருக்கு இருக்கிறது? இடுப்பு வலிக்கிறது, காதில் ஏதோ இரைகிறது என்று போன வசந்த விழாப் புத்தாண்டுக்கு ஊருக்கு வந்தபோது நீயேதானே சொன்னாய். எல்லாம் கிட்னியின் வேலை. அதைத்தான் சொன்னேன்: 'என் அண்ணனைப் பாருங்கள், கிட்னி வீக்.'

இதைக் கேட்டதும் ஊரில் எல்லா ஆம்பளைகளுக்கும் புத்தி படுக்கையறைக்குப் போனால் அதற்கு நானா பொறுப்பு? நான் படித்த சீன வைத்தியத்தில் கிட்னி என்பது உடம்பின் களஞ்சியம். எலும்பு, முடி, காது, தைரியம் எல்லாம் அங்கிருந்துதான் படி வாங்கிச் சாப்பிடுகின்றன. மூத்திரப்பை அதன் வாசல் காவலாளி. உள்ளேயிருந்து சூடு வந்தால்தான் அவன் ஒழுங்காகக் கதவைத் திறந்து மூடுவான். குளிர்காலம் முழுக்க கிட்னியின் பருவம். இப்போது கவனித்தால் வருஷம் முழுக்கத் தாங்கும்! இன்னொன்று: பயம் வந்தால் முதல் அடி கிட்னிக்குத்தான். நீயோ நாற்பது மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறாய்.

கருப்பு பீன்ஸ், கருப்பு எள், வால்நட், துசோங் மரப்பட்டை வைத்திருக்கிறேன். பட்டையை உப்புத் தண்ணீர் தெளித்து நானே வறுத்தேன். உப்புதான் மருந்தைக் கையைப் பிடித்துக் கிட்னிக்குக் கூட்டிப்போகும். ஒன்றை ஒடித்து மெதுவாக இழுத்துப் பார், உள்ளே வெள்ளி நூல் நூலாக வரும். அவ்வளவு அழகு!

யீநிங்


வூஹான்
டிசம்பர் 11

யீநிங்,

வால்நட்டை ரூமில் இருப்பவர்கள் உடைத்துத் தின்றுவிட்டார்கள். உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

மூன்று லட்சம் பேர் என்று துள்ளுகிறாயே, அதில் இங்கே வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? எல்லாரும். காலையில் ஏறி உட்கார்ந்து வாக்கி-டாக்கியைப் போட்டதும் ஒருத்தன் ஆரம்பித்தான். இங்கே நம் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள். "மெங், பாத்துத் தூக்குப்பா, இடுப்பு பிடிச்சுக்கப் போகுது!" இன்னொருத்தன், "சும்மா இருடா, அவன் தங்கச்சி பொண்ணு வீட்டுக்கு இப்பவே உண்மையச் சொல்லி வெச்சிருக்கு. நல்ல மனசு."

கட்டட சைட் முழுக்க வாக்கி-டாக்கிக்கு ஒரே லைன். கீழே நின்று எனக்கு சிக்னல் கொடுப்பது சாய் ஜூன். நான் மேலிருந்து பார்த்தால் எல்லாம் எறும்பு. அவள் குரல்தான் எனக்குக் கண். அவள் சிரிக்கவில்லை. "லைனை விடுங்க, கம்பிக் கட்டு ஏறுது" என்றாள், அவ்வளவுதான். அவள் வீடியோவைப் பார்த்தாளா இல்லையா? தெரியவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. ஆற்றங்கரைக் கடையில் மீன் சாப்பிடப் போகலாமா என்று அவளைக் கேட்க நான் தைரியத்தைச் சேர்த்துவைத்திருந்த வாரம் பார்த்து நீ வீடியோ போட்டாய்.

இன்னொன்று கேள். கிரேனை விட்டு இறங்க வேண்டுமென்றால் லைனில் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும், கீழே வேலை நிற்கும் இல்லையா. போன திங்கட்கிழமை "ஒண்ணுக்குப் போயிட்டு வர்றேன்" என்றேன். மேஸ்திரியிலிருந்து கான்கிரீட் லாரிக்காரன் வரை விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேலேயே பாட்டிலில் போய்விடக் கூடாது என்று இங்கே கண்டிப்பு.

நான் உயரத்துக்குப் பயப்படுகிறவன் இல்லை. அதை உன் வைத்தியத்திடம் சொல்.

தாலியாங்

அந்தப் பட்டையை எவ்வளவு நேரம் கொதிக்க வைக்க வேண்டும்? எனக்கில்லை. ரூமில் ஒருத்தனுக்கு. இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறதாம். போக வேண்டும் போலவே இருக்குமாம், போனால் சொட்டு சொட்டாகத்தான் வருமாம்.


போட்சோ
டிசம்பர் 14

அண்ணா! அண்ணா! அண்ணா!

ரூமில் ஒருத்தனா!! அந்த ஒருத்தனுக்கு என் அன்பான வணக்கத்தைச் சொல்.

உன் கடிதத்தைச் சந்தையிலேயே பிரித்தேன். மூட்டை மேல் ஏறி நின்று கத்தினேன். பக்கத்துக் கடை அக்கா, "என்னடி, பரிசு விழுந்துச்சா?" என்றாள். "அண்ணன் பதில் போட்டிருக்கான்!" என்றேன். "அட, லவ் லெட்டர்னு நெனச்சேன்" என்று திரும்பிக்கொண்டாள்.

சரி, அந்த ஒருத்தனுக்கு: பட்டையை ஊறவைத்து, அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்க வைக்கச் சொல். பன்றிக் கிட்னியை வாங்கி, குறுக்கே வெட்டி, உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பை எடுத்துவிட்டு, அந்தக் கஷாயத்திலேயே இஞ்சி போட்டு வேகவைக்கட்டும். எந்த உறுப்போ அதைத் தின்றால் அதற்கே பலம். ஆட்டுக்கறி சூப் வாரத்துக்கு இரண்டு முறை. இத்துடன் ஒரு பொட்டலம் லவங்கப்பட்டையும் வைத்திருக்கிறேன், சூப்பில் போட்டுக்கொள்ளட்டும். உள்ளங்கை இரண்டையும் சூடு பறக்கத் தேய்த்து இடுப்பில் வைக்கட்டும். சாயங்காலம் வெந்நீரில் கால் ஊறவைக்கட்டும். உள்ளங்காலில், நடுவிரலுக்குக் கீழே ஒரு குழி வரும் பார், கிட்னியின் ஊற்று அங்கேதான் கிளம்புகிறது. அதை அமுக்கி அமுக்கித் தேய்க்கணும்.

சொட்டு சொட்டாக வந்தால் காவலாளிக்குக் குளிர் என்று அர்த்தம். சூடு ஏற்றினால் கதவு திறந்துவிடும். எனக்குச் சந்தேகமே இல்லை!

ஒரே ஒரு உதவி. நாக்கைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நீ போட்டோ அனுப்பமாட்டாய். அதனால் அந்த ஒருத்தனைக் கண்ணாடி முன்னால் நிற்கவைத்து, நாக்கு என்ன நிறம், மேலே என்ன படிந்திருக்கிறது என்று எழுதி அனுப்பு. மூத்திரத்தின் நிறமும். வெட்கப்படாதே!

சாய் ஜூன் எந்த ஊர்? மீன் பிடிக்குமா அவளுக்கு?

யீநிங்


வூஹான்
டிசம்பர் 21

யீநிங்,

அந்த ஒருத்தன் நான்தான். உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

ஒரு வாரமாக எல்லாம் நீ சொன்னபடி. கஷாயம், கிட்னி, ஆட்டுக்கறி. லவங்கப்பட்டையைக் கொஞ்சம் அதிகமாகவே போட்டேன். முந்தாநாள் சாப்பிடும்போது மூக்கிலிருந்து ரத்தம் சூப் கிண்ணத்தில் சொட்டியது. ரூமில் ஒருத்தன் முதுகில் தட்டி, "மருந்து வேலை செய்யுதுடா, இளமை பொங்குது!" என்றான்.

நாக்கை ரூமில் எல்லாரும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒருத்தன் "பொரிச்ச டோஃபு" என்றான். இன்னொருத்தன் "இல்லடா, பழைய சுவர்ல காரை". மொத்தத்தில் தடித்த மஞ்சள், ஓரமெல்லாம் சிவப்பு. மூத்திரம் ரொம்ப நேரம் ஊறிய டீ மாதிரி. போகும்போது மிளகாய் தேய்த்த எரிச்சல். நேற்று அந்த டீயில் லேசாகச் சிவப்பும் இருந்தது.

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அந்தத் திங்கட்கிழமைச் சிரிப்புக்குப் பிறகு நான் வேலை நேரத்தில் இறங்குவதே இல்லை. இறங்க வேண்டாமென்றால் தண்ணீர் குடிக்கக் கூடாது, அவ்வளவுதானே. காலையில் சூப் இல்லாத நூடுல்ஸ், அதற்குமேல் சாயங்காலம் வரை ஒரு மடக்குகூட இல்லை. பழகிவிட்டது. வாய்தான் மரத்தூள் மாதிரி இருக்கிறது.

இன்று குளிர்கால உச்சி நாள் என்று கேன்டீனில் டம்ப்ளிங் கொழுக்கட்டை போட்டார்கள். அதைத் தின்றால் குளிரில் காது உறையாதே, ஆளுக்கு ஒரு தட்டு. சாய் ஜூன் எதிரில் வந்து உட்கார்ந்து, "மெங், முகம் என்ன இப்படி இருக்கு?" என்றாள். "குளிர்" என்றேன். அவள் தன் தட்டிலிருந்து இரண்டை என் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அவள் ஊர் இதே ஹூபெய் மாகாணத்தில் ஏதோ ஏரிக்கரை. மீன் பிடிக்காமலா இருக்கும்.

தாலியாங்


போட்சோ
டிசம்பர் 23
மிக அவசரம்!

அண்ணா, எல்லாவற்றையும் நிறுத்து. பட்டை, லவங்கம், ஆடு, பன்றி, எல்லாவற்றையும். இந்த நிமிஷமே. உடனே தண்ணீர் குடி.

மஞ்சள் நாக்கு என்று படித்ததும் கையிலிருந்த மூட்டையை அப்படியே போட்டுவிட்டேன். மஞ்சள் என்றால் சூடு. குளிர்ந்த நாக்கு வெளுத்து ஈரமாக இருக்கும். நான் வரிசையாகப் பார்த்த வீடியோக்களில் முதல் வீடியோவிலேயே அது இருக்கிறது! நாக்கைப் பார்க்காமலே குளிர் என்று முடிவு கட்டிவிட்டு, எரிகிற அடுப்பில் விறகு தள்ளியிருக்கிறேன். நீயோ பானையில் தண்ணீரே ஊற்றாமல் உட்கார்ந்திருக்கிறாய்.

உன் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு இங்கே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டோக்கன் எடுத்து டாக்டர் முன்னால் உட்கார்ந்து நாடி பார்க்கக் கையை நீட்டாமல் கடிதத்தை நீட்டினேன். மேலோட்டமாகப் பார்த்தார். "ரத்தம் போகுதா? ஒரு பக்கம் வலியா?" "ஆமா டாக்டர்." "நாக்கையெல்லாம் லெட்டர்ல அனுப்ப முடியாதும்மா. ஆளை அனுப்பு. இன்னைக்கே."

போன் போட்டேன், நீ கிரேனில் இருப்பாய், போன் லாக்கரில் இருக்கும். அம்மா சாயங்காலம் கூப்பிடுவாள். 'ஒன்றுமில்லை' என்று அவளிடம் சொல்லிச் சமாளிப்பாய் என்பதால்தான் இதையும் அனுப்புகிறேன். இது நாளைக்கே வந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தால் நான் ரயிலேறி வந்து கிரேனில் ஏறுவேன். ஏறுவேன்!

அந்த வீடியோவை எடுத்துவிட்டேன். அதற்குள் எத்தனை லட்சம் ஆகியிருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

யீநிங்


வூஹான்
டிசம்பர் 27

யீநிங்,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன், நல்ல பசியோடும் இருக்கிறேன். அழுவதை நிறுத்திவிட்டுப் படி. இதை எழுத எனக்கே கை பரபரக்கிறது.

நீ கடிதத்தை அனுப்பிய மறுநாள், அது என் கைக்கு வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. கம்பிக் கட்டு ஒன்று கொக்கியில் தொங்குகிறது, பாதி தூரம் ஏற்றிவிட்டேன். திடீரென்று இடுப்புக்குள் யாரோ கத்தியைச் செருகி, அதைத் திருகி, அடிவயிறு வரை இழுத்த மாதிரி. கண் இருட்டிவிட்டது. கை மட்டும் லீவரை விடவில்லை. விட்டால் கீழே ஆட்கள்.

"சாய் ஜூன், என்னால முடியல."

"என்ன ஆச்சு?"

"இடுப்பு..."

லைனில் எவனோ சிரித்தான். "ஆரம்பிச்சுட்டான்டா கிட்னி!"

"வாயை மூடு!" யீநிங், அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "இன்னொரு சத்தம் வந்துச்சு, வாக்கி-டாக்கியைப் புடுங்கி கான்கிரீட்ல போட்டு மூடிடுவேன். மெங், என் குரல மட்டும் கேளு. கீழே ஆளெல்லாம் தள்ளியாச்சு. கண்ணு தெரியலன்னாலும் பரவால்ல, நான் பாக்குறேன். இடது பக்கம் கொஞ்சம். இன்னும். நிறுத்து. இறக்கு... இறக்கு... மெதுவா, உனக்கு என்ன அவசரம்... தரை தொட்டாச்சு. கைய எடுத்துடு."

கையை எடுத்தேன். பிறகு நான் போட்ட சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். இரண்டு பேர் ஏறி வந்து பெல்ட் கட்டி, படி படியாக இறக்கினார்கள். அதில் ஒருத்தன் அந்தச் சிரித்தவன். இறங்கும் வழியெல்லாம் "மன்னிச்சுக்கண்ணே, மன்னிச்சுக்கண்ணே" என்று என் பூட்ஸைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்துவிட்டுக்கொண்டே வந்தான்.

இது சீன வைத்திய ஆஸ்பத்திரிதான். டாக்டருக்கு என் வயசுதான் இருக்கும். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார், நேராக ஸ்கேனுக்கு அனுப்பினார். கல்! கிட்னியிலிருந்து கிளம்பி, மூத்திரப்பை வாசலுக்குக் கொஞ்சம் மேலே, குழாயில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பச்சைப்பயறு அளவுதான்.

"யார் உனக்குச் சூட்டு மருந்து குடுத்தது?"

"தங்கச்சி."

"டாக்டரா?"

"மூலிகைச் சந்தையில மூட்டை கட்டுறா. நெட்ல பாத்துக் கத்துக்கிட்டா."

"கத்துக்கிட்டது தப்பில்ல. ஆளைப் பாக்காம மருந்து குடுத்ததுதான் தப்பு. உனக்குக் கிட்னியில கொறை ஒண்ணும் இல்லப்பா. வடிகால் அடைச்சிருக்கு. அடைச்ச வடிகால்ல கறிக்குழம்பை ஊத்துனா என்ன ஆகும்?" பிறகு கேட்டார், "கிரேன்ல இருக்கியே, உயரம் பயமா?"

"இல்ல."

"அப்ப எதுக்குத் தண்ணி குடிக்காம உக்காந்திருந்த?"

அவரிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். பயம் கிட்னியைத் தாக்கும் என்று எழுதினாயே, அதில் தப்பில்லை யீநிங். என்ன பயம் என்பதில்தான் தப்பு செய்தாய். நாற்பது மாடிக்குப் பயப்படாதவன், ஒரு வாக்கி-டாக்கிக்குப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது வலி போக ஊசி. பொற்காசுப் பூண்டு என்று ஒரு பச்சிலைக் கஷாயம், காசு காசாக வட்ட இலை. குடம் குடமாகத் தண்ணீர். இன்னும் ஒன்று, நம்பமாட்டாய்: குதிக்க வேண்டும்! வலி அடங்கியதும் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுக் குதி குதி என்று குதிக்கச் சொல்லியிருக்கிறார். கல் தானாக உருண்டு வெளியே வந்துவிடுமாம். வராவிட்டால் உடைக்க மெஷின் இருக்கிறது என்கிறார். எனக்கு மெஷின் வேண்டாம். குதித்தே தள்ளிவிடுகிறேன், பார்!

தாலியாங்


போட்சோ
டிசம்பர் 30

அண்ணா,

அழுவதை நிறுத்தச் சொன்னாய். நிறுத்தவில்லை. சந்தையில் கிழங்கு மூட்டை ஒன்று நனைந்தே போய்விட்டது. பக்கத்துக் கடை அக்கா, "இப்பவாவது லவ் லெட்டரா?" என்றாள்.

பொற்காசுப் பூண்டு எங்கள் கடையிலேயே மலைமாதிரி கிடக்கிறது. ஒரு கை அள்ளிப் பையில் போட்டேன். பிறகு மறுபடியும் எடுத்துக் கொட்டிவிட்டேன். உன் டாக்டர் கொடுப்பதையே குடி. நான் ஒரு இலைகூட அனுப்பமாட்டேன். இதை எழுதுவதற்கு எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குப் புரிந்தால் சரி.

அதற்குப் பதிலாக ஸ்கிப்பிங் கயிறு வைத்திருக்கிறேன். சிவப்புக் கைப்பிடி. பள்ளியில் நீ எனக்கு வாங்கிக்கொடுத்ததேதான், தேடி எடுத்தேன். இதற்கு நாக்கு பார்க்க வேண்டியதில்லை, சூடும் இல்லை, குளிரும் இல்லை!

அண்ணா, நான் உன்னைச் சிரிப்புக்கு ஆளாக்கினேன். அந்தச் சிரிப்பு உன் தண்ணீரை நிறுத்தியது. அதற்குமேல் என் சூப் வேறு. மன்னித்துவிடு. என் சேனலில் இப்போது எதுவும் போடவில்லை. போடலாம் என்று நீ சொல்லும்வரை போடமாட்டேன்.

கல் வந்ததா? வந்ததா? வந்துவிட்டதா? தினமும் கூரியர்க்காரர் பின்னாலேயே ஓடுகிறேன். என்னைப் பார்த்தாலே வண்டியைத் திருப்பிவிடுகிறார்.

யீநிங்


வூஹான்
ஜனவரி 8

குட்டிப் பிசாசே,

உன் சிவப்புக் கயிறோடு தொழிலாளர் குடியிருப்பு முற்றத்தில் குதித்தேன். ரூமில் இருப்பவர்கள் பெஞ்ச் போட்டு உட்கார்ந்து எண்ணினார்கள். சமையல்காரர்கூடக் கரண்டியோடு வந்து நின்றார். "இன்னும் கொஞ்சம்டா! கல்லு கேட்டுட்டிருக்கு, விடாதே!" நாலாவது நாள் காலையில், ஒரு சுரீர், ஒரு டிங். பீங்கானில் விழுந்த சத்தம் யீநிங்! அவ்வளவு அழகான சத்தத்தை நான் கேட்டதே இல்லை. உள்ளேயிருந்து "வந்துடுச்சு!" என்று கத்தினேன். வெளியே குடியிருப்பே கைதட்டியது.

மறுபடி ஸ்கேன் பார்த்தார்கள். சுத்தம். ஓய்வு முடிந்து நேற்று மேலே ஏறினேன். ஒரு பெரிய பாட்டில் தண்ணீரோடு. பத்து மணிக்கு வயிறு முட்டியது. வாக்கி-டாக்கியை எடுத்தேன். வாயருகே கொண்டுபோய்ப் பட்டனை அழுத்தினேன். சொன்னேன்:

"மெங் பேசுறேன். ஒண்ணுக்குப் போகணும். இறங்குறேன்."

லைனில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு சாய் ஜூன்: "கேட்டுது. ஒண்ணாம் கிரேன் நிக்குது. எல்லாரும் காத்திருங்க."

கொஞ்ச நேரம் கழித்து, மூன்றாம் கிரேனிலிருந்து ஒரு தயங்கிய குரல். "அக்கா... நானும் இறங்கலாமா?"

உடனே இரண்டாம் கிரேன்: "எனக்கும்தான். காலையிலேருந்து அடக்கிட்டிருக்கேன்."

மேஸ்திரி கத்திய கத்து உனக்கு அங்கே போட்சோவில் கேட்டிருக்க வேண்டும். மூன்று கிரேனும் ஒரே நேரத்தில் நின்றது இந்த சைட்டில் இதுதான் முதல் தடவை. மூன்று பேரும் கழிவறை வாசலில் சந்தித்துக் கைகொடுத்துக்கொண்டோம். இன்று காலை மேஸ்திரியே அறிவித்துவிட்டார்: இனி காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை, எல்லாக் கிரேனும் நின்று எல்லாரும் இறங்க வேண்டும், யாரும் கேட்கத் தேவையில்லை.

வீசாட்டில் பிளாக்கை எடுத்துவிட்டேன். வீடியோ போடு. என் முகத்தையும் போட்டுக்கொள். 'என் அண்ணனுக்குக் கிட்னி வீக் கிடையாது, தண்ணீர்தான் குடிக்கவில்லை' என்று ஆரம்பி. ஆளைப் பார்க்காமல் யாருக்கும் மருந்து சொல்லாதே, அதையும் அதிலேயே சொல்.

கல்லை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ அனுப்பிய வால்நட்டில் ஒரு முழு ஓடு கட்டிலுக்கு அடியில் கிடந்தது, அதற்குள் பஞ்சு வைத்து மூடி நூல் கட்டியிருக்கிறேன். பத்திரமாகப் பிரி. கீழே போட்டால் கிடைக்காது.

ஆனால் இதை முதலில் பார்த்தது நீ இல்லை, கோபித்துக்கொள்ளாதே. கடைசியில் சாய் ஜூனைக் கேட்டேவிட்டேன்; நேற்று சாயங்காலம் ஆற்றங்கரைக் கடையில் மீன் வருவதற்குள் மேஜைமேல் வைத்துத் திறந்து காட்டினேன். வேறு என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. சாய் ஜூன் குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இத்தனூண்டுக்கா அவ்வளவு சத்தம் போட்ட?" என்றாள்.

பிறகு என் கிளாஸில் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, என் பக்கம் தள்ளி வைத்தாள்.

தாலியாங்